கடிகாரத்தருகே ஒரு சின்னம்

நம் குடும்பத்துப் பிள்ளைகளில் கணினி நிரல் எழுதுவோர் இன்று பலர். தமிழ்த் தட்டச்சுக்கென ஒரு சிறு செயலியை எழுதி, அதனை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓடச் செய்ய முனைவோர் இடறி விழுவது பெரிய காரியங்களில் அன்று; திரையோரத்தில் கடிகாரத்தை அடுத்து நிற்கும் சிறு சின்னத்தில்தான்.

சின்னம் சிறிதாயினும் அதன் பணி பெரிது. விசைப்பலகை இப்போது தமிழிலா ஆங்கிலத்திலா என்பதை அதுவே காட்டும். சாளரத்தை மூடிய பின்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் செயலியை அழைக்கவும் நிறுத்தவும் அதுவே வாயில். அது தோன்றாதொழியின், செயலி நின்றுவிட்டதெனக் கருதி வீட்டுப் பெரியவர் மீண்டும் திறப்பார். இரு பிரதிகள் ஒன்றோடொன்று மோதும். ஊருக்கு எழுதும் கடிதம் அரைகுறையாய் நிற்கும்.

விண்டோஸ் இவ்விடத்தை 1995ஆம் ஆண்டிலேயே அளித்துவிட்டது. அங்கே தொல்லை குறைவு. எக்ஸ்ப்ளோரர் இடையில் விழுந்து எழுமாயின் சின்னங்கள் மறையும். அப்போது கணினி விடுக்கும் அறிவிப்பைக் கேட்டுச் சின்னத்தை மறுபடி வைத்தல் வேண்டும். மேக்கில் இடம் மேற்பட்டையில். வண்ணப்படம் அங்கே பொருந்தாது. கருமையும் ஒளிபுகு பகுதியும் மட்டும் கொண்ட அச்சுப்படத்தைத் தந்தால், வெளிர், இருள் ஆகிய இரு தோற்றங்களுக்கும் ஏற்ப அதுவே நிறத்தை மாற்றிக்கொள்ளும்.

லினக்ஸிற்கு வருவோம், வழக்கு முழுவதும் இங்கேதான். செயலியின் சிறு சாளரத்தையே பட்டையினுள் பதிக்கும் எக்ஸ்எம்பெட் முறை பழையது. பின்னர் கேடிஈ குழுவினர், டி-பஸ் வழியே செய்தி அனுப்பிச் சின்னத்தைக் காட்டுமாறு பட்டையைக் கேட்கும் முறையை வகுத்தனர். க்னோமோ 2017இல் வெளிவந்த 3.26ஆம் பதிப்பில் பழைய தட்டையே அகற்றிவிட்டது! உபுண்டு ஒரு நீட்சியைச் சேர்த்தே தருகிறது. நீட்சியில்லாத க்னோமில் சின்னம் தோன்றவே தோன்றாது. அன்றியும் ஆப்இண்டிகேட்டர் நூலகத்தில் மெனு இணைக்கப்படாத சின்னம் காட்சி தராது. இடச்சொடுக்கை மட்டும் நம்பி எழுதியவர் அங்கே கைவிடப்படுவார். ஆதலின் ‘திற’, ‘மொழி மாற்று’, ‘வெளியேறு’ அனைத்தையும் மெனுவிலேயே வைத்தல் நலம்.

ரயில்வேயில் நாம் அறிந்த விதியொன்றுண்டு. விளக்கு அணைந்த கைகாட்டியைக் கண்ட ஓட்டுநர் வழி திறந்திருப்பதாகக் கொள்ளார். அபாயக் குறியென்றே கொள்வார். செயலிக்கும் அவ்விதியே தகும் என்பது நம் கருத்து. க்யூடி நூலகத்தில், தட்டு உண்டா என்று வினவ ‘இஸ் சிஸ்டம் டிரே அவெயிலபிள்’ என்னும் கட்டளை இருக்கிறது. சாளரத்தை மறைக்குமுன் அதனைக் கேட்க வேண்டும். இல்லை என விடை வரின், மூடும் பொத்தான் செயலியை முற்றிலும் மூடட்டும். அல்லது சாளரம் கீழே சுருங்கி நிற்கட்டும். மறைந்து ஓடும் செயலி மட்டும் வேண்டா. (சின்னமே தேவையற்ற செயலிகளும் அங்கே இடம் பிடித்து நிற்பதைப் பற்றி நமக்குள்ள கோபத்தை இன்னொரு மாதம் கொட்டுவோம்.)

எலெக்ட்ரானில் எழுதுவோர்க்கு ஒரு சொல். சின்னம் நன்றாகத் தோன்றிச் சற்று நேரத்தில் தானே மறைகிறதாயின், பட்டையைக் குறை கூற வேண்டா. சின்னத்தைப் பிடித்திருக்கும் மாறி ஒரு செயற்கூற்றினுள் பிறந்து, அது முடிந்ததும் நினைவகத் துப்புரவில் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். அம்மாறியைச் செயற்கூற்றிற்கு வெளியே அறிவித்தால் சின்னம் நிலைத்து நிற்கும்.