வெயில் கீற்றில் தெரிந்த தூள்



கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் ஹனூர். 1956 வரை இந்த வட்டாரம் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கடைவீதியில் இன்றும் தமிழ் காதில் விழும். அங்கே நண்பர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் சின்னதாகத் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறார். போன வருஷம் நான் போனபோது, மூன்று மணிக்கு வேலையை முடித்துத் தரையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு டீ குடிக்க வந்தார். நாலு மணிக்குத் திரும்பிப் போனோம். ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயிலில் பொன்னாய் மிதந்துகொண்டிருந்தது தூள். அந்தக் கொட்டகையில்தான் அவர் பேத்தி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

காலில் ஒட்டும் சீவலால் கெடுதல் இல்லை. உப்புத்தாள் தேய்ப்பில் பறக்கும் மாவுதான் நுரையீரல் வரை போகிறது. மைசூர்ச் சித்திரப் பதிப்பு வேலைக்குப் பேர்போன ஈட்டி மரத்தின் தூள் பலருக்குத் தோல் அரிப்பும் தரும். இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊர் நாற்காலித் தச்சர்களிடையே மூக்குப் புற்றுநோய் அதிகம் இருப்பதை 1960-களிலேயே மருத்துவர்கள் கண்டார்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வகைப்படுத்தியது. நம் ஊர் ஆசாரிமார் எத்தனை பேர் மூக்கில் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள்!

இந்த முறை நண்பர் பட்டறைக்குப் போனபோது ஒரு தள்ளுவண்டி நின்றது. இரண்டடிக்கு ஒன்றரையடி பிளைவுட் பலகை, நான்கு சக்கரம், அதில் இரண்டுக்குப் பூட்டு. பலகைமேல் வாக்குவம் கிளீனர், பக்கத்தில் 20 லிட்டர் பெயின்ட் வாளி, அதன் மூடிமேல் பிளாஸ்டிக் கூம்பு. அரிசி ஆலைக்கு வெளியே தகரக் கூம்பு நிற்குமே, அதே வித்தைதான். பக்கவாட்டில் நுழையும் காற்று சுழல, தூள் சுவரோரமாய் ஒதுங்கி வாளியில் விழும்; காற்று மட்டும் நடுவே ஏறி மெஷினுக்குப் போகும். ஃபில்டர் சீக்கிரம் அடைபடாது. தேய்க்கும் இடத்துக்கு வண்டியைத் தள்ளிப்போய், ஹோஸை சாண்டரின் வாயிலேயே மாட்டிவிடுகிறார்.

முதலில் வைத்த மெல்லிய வாளி, ஹோஸ் அடைத்த நொடியில் உள்பக்கம் நசுங்கிவிட்டதாம். தடித்த வாளியாகப் பாருங்கள். மூடியைச் சுற்றி ரப்பர் வாஷர் கட்டாயம். அங்கே காற்று ஒழுகினால் தூள் நேரே ஃபில்டருக்குப் போய்விடும். கூம்புக்குத் தப்பும் பொடி மாவும் உண்டு, ஆகவே நல்ல ஃபில்டரும் முகத்தில் என்95 மாஸ்க்கும் வேண்டும்.

இரும்பு அறுக்கும் கிரைண்டர் பக்கம் மட்டும் இந்த ஹோஸைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு பொறி போதும், வாளிக்குள் தூள் கனன்று பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் வாளியை வெளியே கொட்டிவிட்டே நண்பர் கொட்டகையைப் பூட்டுகிறார்.

உங்கள் பட்டறையில் வேறு விதமாகச் செய்திருந்தால் அளவுகளோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்