பந்தயம் தள்ளிப்போகலாம்… குறுவை?



2023 டிசம்பரில் சென்னையில் நடக்க வேண்டிய ஃபார்முலா 4 கார் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போச்சு. இந்திய சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றாக 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில், ராத்திரி விளக்கொளியில் நடந்தும் முடிந்தது. நரேன் கார்த்திகேயனைத் தந்த மண் இது. பந்தயம் நமக்குப் பகை இல்லை.

ஆனா அதே 2024-ல், ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 28-ல்தான் திறந்தது. திருவையாற்று விவசாயி குறுவையை எந்தத் தேதிக்குத் தள்ளிவைப்பார்? பருவம் போனா போனதுதான்!

பந்தயச் சாலைக்குக் காட்டிய வேகத்தை எங்க வாய்க்காலுக்கும் காட்டுங்க. தண்ணி வருமுன்னே கடைமடை வரை தூர்வாருங்க. குறுவைக்கும் பயிர்க் காப்பீடு கொடுங்க!

#குறுவையைக்_காப்போம்