பவர் வீடருக்கு டர்போ மாட்டலாமா?

''தக்காளி, கத்திரிக்குக் களை எடுக்கும் பெட்ரோல் பவர் வீடர், கொஞ்ச நாளாக இழுவை இல்லாமல் திணறுகிறது. டிராக்டரில் இருப்பதுபோல் பழைய டர்போ ஒன்றை மாட்டி, கார்புரேட்டரைத் திருகி வைத்தால் இழுவை கூடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?''

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

செய்யக் கூடாது. இழுவை கூடாது, இன்ஜின்தான் வீணாகும்.

டிராக்டரில் இருப்பது டீசல் இன்ஜின். அதில் கார்புரேட்டரே கிடையாது. காற்று மட்டும் உள்ளே போய், அழுத்தத்தில் சூடான பிறகுதான் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. அதனால், டர்போ திணிக்கும் கூடுதல் காற்றை அது தாங்கும்.

பெட்ரோல் இன்ஜினில், காற்றும் பெட்ரோலும் கார்புரேட்டரிலேயே கலந்து உள்ளே போகின்றன. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய, சுமார் 14.7 கிலோ காற்று தேவை. முழுப் பாரத்தில் இழுக்கும்போது பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். அதுதான் உள்ளே சூட்டைத் தணிக்கிறது. டர்போ காற்றைத் திணிக்கும்போது அதற்கேற்ற பெட்ரோல் வராவிட்டால், கலவை கண்ட நேரத்தில் வெடிக்கும். தட்டும் சத்தம் வரும்; பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான பவர் வீடர்களில் பெட்ரோல், டேங்கிலிருந்து தானாகத்தான் இறங்குகிறது, பம்ப் கிடையாது. டர்போ காற்றின் அழுத்தம் அந்தப் பெட்ரோலைத் திருப்பித் தள்ளும். சூடான சைலன்ஸர் பக்கத்தில் கசிந்தால் தீப்பிடிக்கும். போதாததற்கு, சின்ன இன்ஜினின் புகை, டிராக்டர் டர்போவைச் சுழற்றவும் போதாது.

அமெரிக்காவில் 1962-ம் ஆண்டு வந்த 'ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்' காரில் கார்புரேட்டரும் டர்போவும் சேர்ந்தே இருந்தன. இன்ஜின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாகப் பீய்ச்ச வேண்டியிருந்தது. 1963-ம் ஆண்டோடு அந்த கார் நின்றுபோனது. பெரிய தொழிற்சாலைக்கே சிரமமான வேலை அது.

திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குதான். முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். அது அடைத்திருந்தால் கறுப்புப் புகை வரும். நுரை ஃபில்டராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டர் என்றால் புதிது மாற்ற வேண்டும்.

அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீர், கசடு இருந்தால் துடைக்கவும். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதினால் போதும்.

பிறகு, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஸ்லோ ஸ்பீடில் வைத்து, கலவைத் திருகை மெதுவாக ஒரு பக்கம் திருகவும். வேகம் குறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபக்கம் திருகி, அங்கும் குறையும் இடத்தைப் பார்க்கவும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தவும். கம்பெனியிலேயே சீல் வைத்த திருகைத் தொடக் கூடாது. இந்தத் திருகு ஸ்லோ ஸ்பீடுக்கு மட்டும்தான். பாரம் இழுக்கும்போது பெட்ரோலைத் தருவது மெயின் ஜெட். அதனால், திருகைத் திருகி இழுவையைக் கூட்ட முடியாது.

ஒரு மணி நேரம் களை எடுத்த பிறகு, இன்ஜினை ஆறவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். இளம்பழுப்பு நிறம் என்றால் சரி. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைப்போ, கேஸ்கட் வழியே காற்றுக் கசிவோ இருக்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் திணறினால், தேய்ந்த பிளேடுகளை மாற்றி, உழும் ஆழத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் சரியாகாவிட்டால், வால்வையும் பிஸ்டன் ரிங்கையும் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.