வரலாற்றுப் பாடவேளை ஊருக்குள் வரட்டும்

ஊர்ச்சபை உறுப்பினரை ஓலைச்சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைப் பற்றி விடை எழுதாமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர் அரிது. அதே மாணவர் தினமும் கடந்துபோகும் ஊர்க்கோயிலின் அடித்தளத்தில் வரிவரியாக எழுத்து ஓடுகிறது. அது என்ன சொல்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. சொல்லித்தர ஆசிரியருக்கும் தெரியாது. வரலாறு என்பது தஞ்சாவூரிலும் மாமல்லபுரத்திலும் மட்டுமே நடந்தது என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வெளியேறுகிறார்கள்.

இந்நிலை மாற வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாதம் ஒருமுறை இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து, நடந்துபோகும் தொலைவில் உள்ள பழமையைத் தேடிப் பார்க்க ஒதுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் கூடாது. மதிப்பெண் வந்தால் கையேடு வரும், கையேடு வந்தால் மனப்பாடம் வரும்.

பிள்ளைகள் விரும்பிச் செய்யக்கூடியவை ஏராளம். மாலை வெயில் சாய்ந்து விழும்போதோ, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கும்போதோ, தேய்ந்த கல்வெட்டு எழுத்து திடீரென்று எழுந்து நிற்கும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ஒரு சொல்லை நாலு விதமாகப் படித்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று வகுப்பே வாதாடலாம். பழந்தமிழ் எழுத்தான தமிழியைக் கற்றுத் தங்கள் பெயரைக் கிறுக்கத் தொடங்கும் பிள்ளைகள், கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று பொறித்தவரைத் தங்களைப் போன்ற ஒருவராகவே பார்ப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடப்படும் நடுகற்களில் வீரன் கையில் என்ன ஆயுதம், அருகே மாடுகள் உண்டா என்று பார்த்து வரையலாம். ஏரிக்கரையில் மதகையும் கலிங்கையும் அளந்து, எந்த மடை எந்த வயலுக்கு என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரைபடம் போடலாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஊர் வரலாறு எளிதில் சாதிப் பெருமையாகத் திரிந்துவிடும். நடுகல் வீரன் எங்கள் ஆள், கல்வெட்டில் வரும் பட்டம் எங்கள் பட்டம் என்று பெரியவர்கள் போடும் சண்டை பள்ளிக்குள் நுழைந்துவிடக் கூடாது. அந்த அச்சத்துக்காக ஊர் வரலாற்றையே ஒதுக்கிவைப்பது தவறு. சான்றை வைத்துக் கேள்வி கேட்கப் பழக்குவதே வழி.

குடவோலையையே எடுத்துக்கொள்வோம். ஓலை நறுக்குகளில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, கல்வெட்டு சொல்வதுபோலவே ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லலாம். ஆட்டம் முடிந்ததும், சோழ மன்னன் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் தகுதிகளைப் படித்துக்காட்ட வேண்டும்: வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. இப்போது ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் யாருக்கு அந்தத் தகுதி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய அதே சபை, நிலமற்றவரையும் வெளியே நிறுத்தியது. பெருமையும் குறையும் ஒரே கல்லில் இருப்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையால் புரிந்துகொள்ள முடியும்.

இது கற்பனைத் திட்டமும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டு படிக்கக் கற்று, சுற்றுவட்டாரத்தில் பழம்பொருள்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை நம்பியே இப்படிப்பட்ட முயற்சிகள் நிற்கின்றன என்பதுதான் கவலை. அவர் மாறுதலாகிப் போனால் மன்றம் நின்றுவிடும்.

ஊரின் பழமையை அறிந்தவர்களே அதைக் காக்கிறார்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024இல் ஏலம் விடப்பட்டபோது, தங்கள் மலையின் தமிழிக் கல்வெட்டையும் சமணச் சிற்பத்தையும் குடைவரையையும் சொல்லி மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மறுபுறம், திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சி எழுத்தை இழந்த கோயில்களும் உண்டு. அந்த எழுத்தில் என்ன இருந்தது என்று அறிந்தவர்கள் ஊரில் இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள்.

பள்ளிகள் சில ஒழுங்குகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். தோண்டக் கூடாது, கல்லில் சுண்ணக்கட்டி தேய்க்கக் கூடாது. எது கிடைத்தாலும் இடத்தைக் குறித்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

அரசு முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும், மாநிலத் தொல்லியல் துறை நூல்களிலும் ஆயிரக்கணக்கான ஊர்களின் கல்வெட்டுப் பாடம் அச்சாகியிருக்கிறது. அந்தந்த ஊர்ப் பள்ளி அதைப் பார்த்ததே இல்லை. ஊர்வாரியாகப் பிரித்து, எளிய தமிழில் பொருள் சேர்த்து, தலைமையாசிரியர் கைக்கு அனுப்ப வேண்டும். மே விடுமுறையில் ஒன்றியத்துக்குச் சில ஆசிரியர்களுக்காவது தொல்லியல் துறை பயிற்சி தர வேண்டும். வரும் கல்வியாண்டின் கால அட்டவணையிலேயே அந்த இரண்டு பாடவேளைகள் இடம்பெற வேண்டும்.