சத்தம் பெரிசா? சரக்கு பெரிசா?



கியர் மாத்தும்போது 'புஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். உடனே நம்ம ஹாஸ்டல் பசங்க மொத்தமும் திரும்பிப் பார்க்கும். "டேய், டர்போ வண்டிடா! ப்ளோ-ஆஃப் வால்வு போட்டிருக்கான்!" நானும் அப்படி வாய் பிளந்தவன்தான். இன்று கட்சி மாறிவிட்டேன். காரணத்தைக் கேளுங்கள்.

வீணாகப் போகும் எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது டர்போ. 1905-லேயே சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி இதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார். பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். ஆனால் டர்போ உடனே நிற்குமா? நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டுகிற சாமான் அது! தள்ளிய காற்றுக்குப் போக வழியில்லாமல், மூடிய கதவில் மோதி கம்ப்ரஸர் மீதே திரும்பி வருகிறது. இதுதான் சர்ஜ். சக்கரத்துக்கும் ஆகாது, பேரிங்குக்கும் ஆகாது.

அந்தக் காற்றுக்கு வழிவிடத்தான் வால்வு. குழாய் வழியாக டர்போவின் வாய்க்கே திருப்பி விட்டால் பைபாஸ். வெளியே ஊதித் தள்ளினால் ப்ளோ-ஆஃப். (வேஸ்ட்கேட் வேறு சாமி! அது எக்ஸாஸ்ட் பக்கம் இருந்து பூஸ்டைக் கட்டுப்படுத்துவது. வைவாவில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இன்-பிளான்ட் ட்ரெயினிங்கில் இருந்தபோது ஒருவர் பழைய ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல் கொண்டு வந்தார். சின்ன ஜெராக்ஸ் கடைக்காரர். ஆசைப்பட்டு செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி. "தம்பி, அந்த சத்தம் வரணும்" என்றார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் பைபாஸைக் கழற்றி ப்ளோ-ஆஃப் மாட்டினேன். சத்தம் பிரமாதம்! இரண்டே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. சிக்னலுக்கு சிக்னல் ஆஃப் ஆகுதாம். ப்ளக் எல்லாம் கரி. புது ப்ளக் போட்டோம். மறுபடியும் கரி!

கடைசியில் மேஸ்திரி அண்ணன் கேட்டார்: "தம்பி, ஏர்ஃப்ளோ மீட்டர் எங்க இருக்கு?"

"ஏர் ஃபில்டர் பக்கத்துலண்ணே."

"அது கணக்கு எழுதி உள்ள விட்ட காத்தை நீ வெளிய விட்டுட்டே. கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு அந்தக் காத்துக்கும் சேர்த்து பெட்ரோல் ஊத்துது."

அவ்வளவுதான் விஷயம்! பழைய வால்வை மாட்டியதும் வண்டி சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு செட் ப்ளக்குக்கு அவர் பணம் எண்ணிக் கொடுத்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நியாயமாகவும் பேசுவோம். எல்லா வண்டியும் அப்படியல்ல. காற்றை மீட்டரில் அளக்காமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் மேப் சென்சார் வண்டியில் வெளியே விட்டாலும் பெட்ரோல் கணக்கு கெடாது. குழாய் வேலையும் குறைவு. ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர் போட்டுக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் ஐடிலில் வால்வு திறந்துகொண்டு, ஃபில்டர் ஆகாத தூசிக் காற்று உள்ளே போகும். வால்வு மாற்றியதால் மட்டும் குதிரைசக்தி கூடும் என்பது சுத்தப் பொய். பழைய வால்வு கிழியாமல், கசியாமல் இருந்தால் அதுவே போதும்.

ஆகவே என் கட்சி இதுதான்: ரோட்டில் ஓடும் வண்டிக்கு பைபாஸே சரி. 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவில் 998 சி.சி. டர்போ 120 குதிரைசக்தி தந்தது. இப்படிப்பட்ட சின்ன டர்போக்கள்தான் இனி நம் கைக்கு வரப்போகின்றன. "சத்தம் வேணும்" என்று கஸ்டமர் கேட்பார். கேட்டதை மாட்டிக் கொடுக்க ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், டிப்ளமோ எதற்கு? மாட்டுவதற்கு முன்னால், "இந்த வண்டி காற்றை எப்படி அளக்குது?" என்று ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவன்தான் டிப்ளமோக்காரன்.

அந்தக் கேள்வியை நான் ஒருநாள் கேட்கத் தவறினேன். நீங்களாவது கேளுங்கள் நண்பர்களே!