எண்ணெய் இல்லாமல் ஒரு பிடித்துவிடல்

1954 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி ஹாலில் மர்லின் மன்றோவுக்கும் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவுக்கும் திருமணம். அடுத்த மாதம் டோக்கியோ போன இடத்தில் மணமகளுக்கு வயிற்று வலி. பார்க்க வந்தவர் டொகுஜிரோ நமிகோஷி. ஷியாட்சு கற்பிக்க 1940-இல் பள்ளி தொடங்கியவர். அதன்பின் அந்தக் கலையின் பெயர் வெளிநாடுகளிலும் பரவியது.

ஷியாட்சு என்றால் விரல் அழுத்தம். எண்ணெய் கிடையாது, பெரும்பாலும் உடை களையவும் வேண்டாம். மெத்தை விரிப்பில் படுத்தவரைக் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் நிதானமாக அழுத்துவார்கள். பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டவர்களுக்கு இதில் பாதி தெரியும்!

அமெரிக்காவில் ஃப்ரீமாண்ட், எடிசன், பிளேனோ என்று கணினி முன் கழுத்து இறுகிக் கிடக்கும் தமிழர்களுக்கு இது இதமாக இருக்கும். நோயைத் தீர்க்கும் என்பதுதான் மிகை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஷியாட்சுவுக்கான சான்றுகள் எண்ணிக்கையிலும் தரத்திலும் குறைவு என்றது. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், எலும்பு பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் மசாஜ் தொழிலுக்கு மாநில உரிமம் கட்டாயம். கலிஃபோர்னியாவிலோ மாநில அளவிலான சான்றிதழ் அவரவர் விருப்பம். ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அதுவரை, படுக்கும் முன் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.