எதிர்ப்புச் சக்தி வியாபாரமும் ஒரு பாவப்பட்ட எலியும்

"எதிர்ப்புச் சக்தி" என்று யாராவது ஆரம்பித்தாலே எரிச்சல் வருகிறது. இங்கே ஹைதராபாத்தில் நம்மாட்கள் வீட்டுக்கு வீடு ஒரு பொடி டப்பா. கேட்டால், "சக்தி ஏறிட்டா எந்தப் புழுவும் அண்டாது சார்" என்கிறார்கள். சரி, நாடாப்புழுவையே எடுத்துக்கொள்வோம்.

பூனைக் குடலில் வாழும் ஒரு நாடாப்புழு உண்டு. பூனை மலத்திலுள்ள அதன் முட்டையை எலி தின்றால், குஞ்சுப்புழு குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய்க் கட்டியாகத் தங்கிவிடும். 1932-ல் அமெரிக்காவில் மில்லர், கார்டினர் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இந்தப் புழு கண்ட எலிகளின் சீரத்தை எடுத்துப் புது எலிகளுக்குப் போட்டார்கள். பிறகு முட்டை கொடுத்தபோது அவற்றுக்குப் பாதுகாப்பு இருந்தது. காத்தது சீரத்திலிருந்த ஆன்டிபாடி.

ஆஹா, சக்தி என்கிறீர்களா? பொறுங்கள். அது அந்தப் புழுவுக்கென்றே எலியின் உடம்பு தயாரித்த ஆயுதம். அதுவும் புதிதாக நுழையும் குஞ்சைத்தான் கொல்லும். ஏற்கெனவே ஈரலில் கூடு கட்டிவிட்ட புழு, அதே ஆன்டிபாடி ஓடும் உடம்பில் சௌகரியமாகக் குடியிருக்கும். எலியின் குடலில் வாழும் இன்னொரு நாடாப்புழுவோ, எலியின் ஆயுள் முழுக்க இருந்து சாப்பிடக்கூடியது. இதில் உங்கள் பொடி எந்தப் புழுவை, எந்த இடத்தில், எப்போது தடுக்கும்? விற்பவரைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

இது வெறும் எலி விவகாரம் இல்லை. பன்றி நாடாப்புழுவின் முட்டை மனிதன் வயிற்றுக்குள் போனால், குஞ்சு மூளையில் கட்டியாகி வலிப்பு வரலாம். "நாங்க சுத்த சைவம்" என்பதெல்லாம் செல்லாது. முட்டை வருவது பன்றிக்கறியிலிருந்து அல்ல. புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கை வழியாக, கழுவாத கீரை வழியாக.

குஞ்சு நுழையும்போதே ஆன்டிபாடியால் அடிப்பது என்ற அதே வழியில்தான் மெல்போர்னில் லைட்டவுலர்ஸ் குழு பன்றிகளுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தது. அதைத் தயாரித்தது இதே ஹைதராபாத் நிறுவனம்தான், இந்தியன் இம்யூனலாஜிக்கல்ஸ்!

ஆக, எதிர்ப்புச் சக்தியைப் பன்றிக்கு ஊசியாகப் போடுங்கள். மனிதனுக்கு ஒழுங்கான கழிப்பறை கொடுங்கள். வீட்டில் பொடிக்கு ஆகும் காசில் சோப்பு வாங்குங்கள். வலிப்பு வந்தால் டாக்டரிடம் போங்கள், டப்பாவிடம் அல்ல.